சொன்னதற்கு ஏது எங்கே? மூன்று கேம்களும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பேச்சுப்போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் பிள்ளைகளைத் தயார் செய்வது பதினான்கு வருடமாக என் பொறுப்பு. இரண்டு அணிக்கும் நானே எழுதிக் கொடுப்பேன். அவர்கள் மனப்பாடம் செய்வார்கள். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தருவேன். கோப்பையும் வரும்.

ஒரு நாள் பயிற்சியில் ஒரு மாணவி பாதியில் வரியை மறந்து நின்றாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய எதிரணி மாணவியும் நின்றுவிட்டாள். ஏம்மா என்று கேட்டேன். "அவ அந்த வரியச் சொன்னாத்தானே மிஸ் நான் மறுக்க முடியும்" என்றாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாதிடக் கற்றுக்கொடுப்பதாக நினைத்து இத்தனை வருடம் ஒப்பிக்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அதிலிருந்து தேட ஆரம்பித்ததில்தான் இந்த மூன்று கணினி கேம்களும் என் கைக்கு வந்தன. கேம் என்றால் பிள்ளைகள் படிப்பைக் கெடுப்பது என்று எல்லா ஆசிரியர்களையும் போல நானும் நினைத்தவள். அதனால் என்னைப் போன்ற ஆசிரியர்களையும் பெற்றோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கேள்வி ஒன்றுதான்: இவை பிள்ளைகளை யோசிக்க வைக்கின்றனவா?

முதலில் வந்தது சாக்ரடீஸ் ஜோன்ஸ். எங்கள் பள்ளிக் கணினி ஆசிரியர் காட்டினார். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கி 2013-இல் இலவசமாக வெளியிட்டது. சாக்ரடீஸ் ஜோன்ஸ் என்பவர்தான் கதாநாயகர். அவருடைய மகளுக்குத்தான் தத்துவத்தில் பைத்தியம், அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. விபத்தில் இருவரும் இறந்து, தத்துவவாதிகள் வாழும் வேறோர் உலகத்துக்குப் போய்விடுகிறார்கள். அறம் என்றால் என்ன என்று கண்டுபிடித்துச் சொன்னால்தான் திரும்பி வரலாம். யூதிஃப்ரோ, புரோட்டகோரஸ், ஹாப்ஸ், மில், காண்ட் என்று ஒவ்வொருவராக வந்து வாதத்தை அடுக்குவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்று பொத்தான்கள். எதிராளி சொல்லும் எந்த வரியையும் நிறுத்தி மூன்றில் ஒன்றைக் கேட்கலாம். நீங்கள் சொல்வதற்கு என்ன பொருள்? அதற்கு என்ன ஆதாரம்? அதற்கும் நாம் பேசுவதற்கும் என்ன தொடர்பு? அவ்வளவுதான். அசைக்கவே முடியாது என்று நினைத்த வாதம் இந்த மூன்று கேள்வியில் தானாகவே பிரிந்து கிடக்கும். அப்புறம் எந்த வரியில் ஓட்டை இருக்கிறதோ அந்த வரிமேல் சரியான கருத்தை எடுத்து வைக்க வேண்டும்.

2019 கோடை விடுமுறைக்கு முன் ஐந்து மாணவிகளோடு பள்ளிக் கணினி அறையில் உட்கார்ந்து ஆடினேன். ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்வேன், எந்தப் பொத்தான் என்பதை அவர்கள் சொல்வார்கள். கடவுளர் விரும்புவதே அறம் என்ற வாதம் வந்தபோது, நான் எதுவும் சொல்வதற்குள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "பிள்ளையாரும் முருகனும் மாம்பழத்துக்கே சண்டை போட்டாங்களே மிஸ், அப்போ யாரு விரும்புறது அறம்?" என்றாள். ஏதென்ஸ் நகரத்தில் சாக்ரடீஸ் கேட்டதாக பிளேட்டோ எழுதிவைத்த கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான். அந்தப் பிள்ளைக்கு அதைச் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குறை என்னவென்றால், எதிர்வாதத்தை நாமாகச் சொல்ல வழி இல்லை. திரையில் இருக்கும் கருத்துகளில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். என் பிள்ளைகள் நல்ல மறுப்பு ஒன்றைக் கண்டுபிடித்தபோதெல்லாம் அதை வைக்க இடம் இருக்காது. உயிருள்ள எதிராளிக்கு ஈடாக எந்த கேமும் வராது என்று அன்றே புரிந்தது. அந்த கேம் ஓடத் தேவையான ஃபிளாஷ் மென்பொருள் 2020 முடிவில் நிறுத்தப்பட்ட பிறகு எங்கள் பள்ளிக் கணினிகளில் அது ஓடவும் இல்லை. ஆனால் அந்த மூன்று கேள்வியும் எங்கள் வகுப்புச் சுவரில் அட்டையில் எழுதி ஒட்டப்பட்டு இன்றும் இருக்கின்றன.

ஏஸ் அட்டர்னி பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஜப்பானில் கேப்காம் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட நீதிமன்ற கேம். முதல் மூன்று பாகங்களைச் சேர்த்து 2019 முதல் கணினியிலும் கிடைக்கிறது. சாட்சி பேசுவார், அவர் வாக்குமூலத்தில் முரண்படும் வரியைப் பிடித்து, அதை உடைக்கும் சான்றை எடுத்து நீட்ட வேண்டும். முதல் வழக்கு ஒன்றே போதும், ஒரு வகுப்பு எடுத்துவிடலாம். பிணத்தைப் பகல் ஒரு மணிக்குப் பார்த்தேன் என்கிறார் சாட்சி. பிரேதப் பரிசோதனை அறிக்கையோ, இறந்ததே நான்கு மணிக்கு மேல் என்கிறது. மணி எப்படித் தெரியும் என்றால் டிவியில் கேட்டேன் என்கிறார். அன்று அந்த நேரத்தில் மின்தடை. உடனே, மேசையில் கடிகாரம் இருந்தது என்று மாற்றுகிறார். கொலைக்குப் பயன்பட்ட சிலைக்குள்தான் அந்தக் கடிகாரம் இருக்கிறது. பார்த்தால் கடிகாரம் என்று தெரியாது, மணி சொல்லிக் கேட்டால்தான் தெரியும். அப்படியானால் அவர் கேட்டது எப்போது?

ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய், அதைக் காக்க மற்றொன்று. ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். ஆனால் அடுத்தடுத்த வழக்குகளில் கதை நீண்டுகொண்டே போகிறது. மணிக்கணக்கில் ஆங்கில உரையாடலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பல இடங்களில் நமக்கு உண்மை முன்பே தெரிந்துவிடும். கதாசிரியர் எந்த வரியில் எந்தச் சான்றை எதிர்பார்க்கிறார் என்று ஊகிப்பதுதான் வேலையாகிப் போகும். அது வேறு திறமை. ஆசிரியர் எந்த பதிலுக்கு மதிப்பெண் போடுவார் என்று ஊகிப்பதற்கு நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நிறையப் பயிற்சி இருக்கிறது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது மூன்றாவது கேமுக்காக. ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் என்ற ஒருவரே பல வருடம் உட்கார்ந்து உருவாக்கி 2018 அக்டோபரில் கொண்டுவந்தார். ஆடும் எண்ணம் இருந்தால் அடுத்த சில பத்திகளில் கப்பலின் ஆரம்பக் காட்சிகள் இரண்டைச் சொல்லப்போகிறேன், தெரியவே வேண்டாம் என்பவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

ஓப்ரா டின் ஒரு வணிகக் கப்பல். 1802-இல் லண்டனிலிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குப் புறப்பட்டுக் காணாமல் போகிறது. 1807-இல் ஆள் யாரும் இல்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் காப்பீட்டுக் கணக்குப் பார்க்கப் போகும் அதிகாரி. கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன ஆனது, கொல்லப்பட்டிருந்தால் யாரால் என்று ஒரு பெரிய புத்தகத்தில் நிரப்ப வேண்டும். கையில் மூடி போட்ட பாக்கெட் கடிகாரம் ஒன்று. பிணத்தின் அருகில் அதைத் திறந்தால், இருட்டில் அவர் சாவதற்கு முந்தைய சில நொடிகளின் பேச்சும் சத்தமும் மட்டும் கேட்கும். பிறகு அவர் இறந்த நொடி அப்படியே சிலைபோல் உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். எதையும் தொட முடியாது, யாரிடமும் கேள்வி கேட்க முடியாது. பார்க்கலாம், கேட்கலாம், யோசிக்கலாம்.

என் அக்கா மகள் முத்துலட்சுமி பதினொன்றாம் வகுப்பு. போன கோடையில் விடுமுறைக்கு வந்தவளோடு சேர்ந்து தொடங்கினேன். முதல் காட்சியில் ஒரு கதவை இடித்து, கேப்டன் கதவைத் திற என்று சிலர் கத்துகிறார்கள். கதவு திறந்து உள்ளிருப்பவர் சுடுகிறார். "சுட்டவரு கேப்டன் சித்தி" என்றாள் உடனே. எப்படிச் சொல்ற? "அவங்க கேப்டன்னு கூப்பிட்டாங்கல்ல." உள்ளே ஒருவர்தான் இருந்தார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கேபின் முழுக்க மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அந்த ஒரு சுற்றுக்காகவே இந்த கேமுக்குக் கொடுத்த காசு தகும் என்பேன்.

அப்புறம் அதே கேபினில் கேப்டன், இறந்து கிடக்கும் தன் மனைவியிடம், உன் உடன்பிறந்தவனை நான் கொன்றுவிட்டேன் என்று புலம்புகிறார். பெயர்ப் பட்டியலை எடுத்தோம். கேப்டன் மனைவியின் பெயரில் நடுவே ஹாஸ்கட் என்று வருகிறது. தலைமைத் துணை அதிகாரியின் பெயரிலும் ஹாஸ்கட் வருகிறது. கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் அது என்று முத்துலட்சுமிக்குத் தெரியாது, நான் சொன்னேன். பேச்சு ஒரு பக்கம், பட்டியல் ஒரு பக்கம், ஊர் வழக்கம் ஒரு பக்கம். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பெயர் கிடைக்கிறது. எதுவும் தனியாக நின்றால் ஒன்றையும் நிரூபிக்காது.

நாம் எழுதியது சரியா என்று கேம் உடனே சொல்லாது. மூன்று பேருடைய விவரமும் சரியாக இருந்தால்தான் மூன்றையும் ஒன்றாக அச்செழுத்தில் உறுதி செய்யும். கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பிள்ளைகள் நம்மைவிடச் சுறுசுறுப்பு. இரண்டு பேரை உறுதியாகத் தெரிந்துகொண்டு, மூன்றாவது இடத்தில் ஒவ்வொரு பெயராக மாற்றி மாற்றிப் போட்டால் எப்படியும் ஒன்று மாட்டும். முத்துலட்சுமி இதை மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். ஒரே மாலையில் ஆறு பேர் உறுதியானார்கள். அவர்களில் ஒருவரைக் காட்டி இவர் யார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "கேம் சரின்னு சொல்லிட்டுல்லா" என்கிறாள்.

அன்றுதான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து மூன்று பத்தி கோடு போட்டேன். தலைப்புக்கு நான் எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவையை, அதாவது தர்க்க முறையை, விளக்கும்போது சொல்லும் சொற்களே இருக்கின்றன: பக்கம், ஏது, திட்டாந்தம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இவை ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகிக் கெடும் என்றும் அந்தக் காதையிலேயே வரிசையாக வருகிறது. எம்.ஏ. படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த பகுதி. கப்பல் ஒன்றில் பிணம் எண்ணும்போது அது திரும்பி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

விதி இதுதான். புத்தகத்தில் ஒரு பெயரை இடுவதற்கு முன் நோட்டில் மூன்று பத்தியும் நிரம்ப வேண்டும். இன்னார் இவர் என்பது பக்கம். எந்தக் காட்சியில் எதைப் பார்த்தேன் என்பது ஏது. அப்படிப் பார்த்தால் அப்படித்தான் என்று நம்ப இன்னோர் இடத்தில் என்ன கிடைத்தது என்பது திட்டாந்தம். ஏது பத்தி காலியாக இருந்தால் மவுஸில் கை வைக்கக்கூடாது.

ஆட்டத்தின் வேகம் நாலில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் கேட்கும் கேள்விகள் மாறின. மாலுமிகள் தூங்கும் தூளிகளில் எண்கள் தொங்குவதைப் பார்த்தாள். அந்த எண்ணும் பட்டியல் எண்ணும் ஒன்று என்று எழுதினாள். திட்டாந்தம் என்ன என்றேன். ஏற்கெனவே உறுதியான ஒருவருடைய தூளியைத் தேடிப் போய் எண்ணைச் சரிபார்த்துவிட்டு வந்து எழுதினாள். அதை நான் சொல்லித் தரவில்லை.

கேமில் இன்னொரு வசதி இருக்கிறது. ஒருவரை அடையாளம் காணும் அளவுக்கு ஆதாரம் நமக்குக் கிடைக்கும்வரை புத்தகத்தில் உள்ள ஓவியத்தில் அவர் முகம் மங்கலாக இருக்கும், கிடைத்ததும் தெளிந்துவிடும். ஆடுபவருக்கு இது பெரிய உதவி. கற்பவருக்கு உதவியா என்பதில் எனக்குச் சந்தேகம். ஆதாரம் போதுமா போதாதா என்பதுதானே யோசிப்பதில் மிகக் கடினமான இடம்? அதை கேமே சொல்லிவிடுகிறது. வெளியே யாருடைய முகமும் தானாகத் தெளிவதில்லை. அதனால் முகத்தைப் பார்ப்பதற்கு முன், இவருக்கு ஆதாரம் போதுமா என்று அவளே நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு திறந்து பார்க்கச் சொன்னேன். ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் போதும் என்றே எழுதினாள்.

எங்களுக்குச் சிரமமான இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பல தடயங்கள் உச்சரிப்பில் இருக்கின்றன. ஐரிஷ்காரர், ஸ்காட்லாந்துக்காரர், வேல்ஸ்காரர் பேசுவதில் உள்ள வித்தியாசம் காதில் பட வேண்டும். நாகர்கோவில்காரர் ஒருவரையும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரையும் இருட்டில் பேசவிட்டால் என் பிள்ளைகள் முதல் வாக்கியத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். இங்கே அவர்களுக்கு எல்லாமே வெள்ளைக்காரன் இங்கிலீஷ். போசன், மிட்ஷிப்மேன், ஸ்டூவர்ட் போன்ற கப்பல் பதவிகளுக்குப் புத்தகத்தின் கடைசியில் சொல்விளக்கம் இருக்கிறது, அது போதவும் போதாது. தமிழில் கேம் வரவில்லை. பக்கத்தில் ஆங்கிலம் தெரிந்த பெரியவர் ஒருவர் இல்லாமல் நம் பள்ளிப் பிள்ளையால் இதை முழுதாக ஆட முடியாது.

இன்னொன்று, கேம் சில இடங்களில் பலவீனமான ஏதுவுக்கும் பரிசு கொடுக்கிறது. கப்பல் ஓவியர் வரைந்த படத்தில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒரே வேலை செய்பவர்கள் என்று எடுத்துக்கொண்டால் சரியாக அமைந்துவிடும். அது வாய்ப்பு, நிரூபணம் ஆகாது. அப்படிப்பட்ட இடங்களில் நோட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று பிறகு விதி சேர்த்தோம்.

பட்டியலில் இந்தியாவிலிருந்து வந்த மாலுமிகளும் இருக்கிறார்கள். கம்பெனிக் கப்பல்களில் நம் நாட்டு ஆட்கள் வேலைக்குப் போனது வரலாறு. லஸ்கர் என்று அவர்களைச் சொல்வார்கள். "இவங்க வீட்டுக்கு யாரு சித்தி தகவல் சொல்லியிருப்பாங்க" என்று கேட்டாள் முத்துலட்சுமி. அந்த நோட்டில் எந்தப் பத்தியிலும் அடங்காத கேள்வி அது.

வாங்குபவர்களுக்குச் சில விவரம். படம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் ஆன புள்ளிகள்தான், பழைய காலத்துக் கணினித் திரை மாதிரி. எனக்கு முதல் நாள் தலை சுற்றியது. அமைப்பில் திரை வகையை மாற்றிக்கொள்ளலாம், மாற்றிய பிறகு பரவாயில்லை. ரத்தம், வெட்டுப்பட்ட உடல்கள் எல்லாம் உண்டு, நிறமில்லாததால் சற்றுத் தணிந்து தெரிகிறது என்றாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பதினோராம் வகுப்புக்கு மேல் என்றால் சரி. கணினியிலும், 2019 முதல் டிவியில் இணைத்து ஆடும் கன்சோல்களிலும் கிடைக்கிறது. ஒரு முறை முடித்தால் மறுபடி ஆட எதுவும் மிச்சமிருக்காது, அதனால் அவசரப்படாதீர்கள்.

யோசிக்க வைக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். கவனிக்க வைக்கிறது, சந்தேகமே இல்லை. அவசரப்பட்டு முடிவு சொல்லும் வாயைக் கட்டுகிறது. ஆனால் தனியாக உட்காரவிட்டால் பிள்ளை கேமை ஜெயிக்கத்தான் கற்றுக்கொள்ளும், காரணம் சொல்லக் கற்றுக்கொள்ளாது. எப்படித் தெரியும் என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், எழுத ஒரு பேனாவும் வேண்டும். அந்த இரண்டும் இருந்தால் நான் இதுவரை வாங்கிய எந்தப் பயிற்சி நூலையும்விட இது மேல்.

இந்த வருடம் பட்டிமன்றப் பயிற்சியில் நான் எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். தலைப்பைக் கொடுத்து, மூன்று பத்தி நோட்டையும் கொடுக்கிறேன். கைபேசி வரமா சாபமா என்ற பழைய தலைப்புதான். கைபேசி வந்ததால் நூலகங்கள் காலியாகிவிட்டன என்று ஒருத்தி எழுதினாள். எதிரணிப் பெண் எழுந்து, "எந்த நூலகம்?" என்றாள். இவளிடம் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே கிளை நூலகத்துக்குப் போய், நூலகரிடம் கேட்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு வந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் உள்ளே போகிறவர்கள் எத்தனை பேர் என்று எப்படிக் கணக்கிடுவது என்பதில் இப்போது இருவருக்கும் சண்டை. எங்கள் அணி மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. மனப்பாடமாகப் பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பழைய முறைக்குத் திரும்ப மனம் வரவில்லை.

முத்துலட்சுமி இந்தக் கோடைக்கும் வந்திருக்கிறாள். 60 பேரில் 54 பேர் உறுதியாகிவிட்டார்கள். மீதியில் ஒரு பாய்மர மாலுமிக்கு மூன்று பெயர்கள் பொருந்துகின்றன. மாற்றி மாற்றிப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும், நேற்று இரவு என் கையே மவுஸுக்குப் போனது. "சித்தி, ஏது எழுதலயே" என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள். அந்த ஆள் நிற்கும் காட்சிகள் எத்தனை என்று எண்ணி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.